இரண்டு நாணயமும் செல்லாத மாநிலம்: வாஷிங்டனில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ

அமெரிக்காவில் விளம்பரப்படுத்தப்படும் எந்த ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோவின் (பரிசுப் போட்டி என்ற பெயரில் இயங்கும் இணைய கேசினோ) விதிமுறைப் பக்கத்தைத் திறந்தாலும், கொஞ்சம் கீழே ஒரு மாநிலப் பட்டியல் இருக்கும். இங்கெல்லாம் வசிப்பவர்கள் ஆடக்கூடாது என்ற பட்டியல். தளத்துக்குத் தளம் அது மாறும். ஆனால் வாஷிங்டன் பெயர் இல்லாத பட்டியலைப் பார்ப்பது அரிது. இங்கே வாஷிங்டன் என்பது தலைநகர் அல்ல; சியாட்டில், ரெட்மண்ட், பெல்வியூ நகரங்கள் இருக்கும் மேற்குக் கரை மாநிலம். மைக்ரோசாஃப்ட், அமேசான் தயவில் தமிழர்கள் கணிசமாக வசிக்கும் இடம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அந்த மாநிலம் சூதாட்டமே அறியாத ஊர் அல்ல. 1982 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் 29 பழங்குடி அரசுகளுக்கு மாநிலத்தோடு சூதாட்ட ஒப்பந்தம் உண்டு. சியாட்டிலிலிருந்து காரில் கிளம்பினால் அரை மணி, முக்கால் மணியில் ஸ்னோக்வால்மி பழங்குடியின் கேசினோவில் உட்கார்ந்து, படச்சக்கரம் சுழலும் ஸ்லாட் எந்திரத்தில் ஆடலாம். அதே ஸ்லாட்டை வீட்டு சோபாவில் போனில் சுழற்றினால் மட்டும் குற்றமா? பணமே கட்டாமல் ஆடலாம் என்று சொல்லும் தளம் எப்படிச் சூதாட்டமாகும்?

விடை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் ஒரே ஒரு சொற்றொடரில் இருக்கிறது. அதற்குப் போகும் முன், இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இனாமாகக் கிடைக்கும் நாணயம்

ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ பார்ப்பதற்கு எந்த இணைய கேசினோவையும் போலத்தான் இருக்கும்: ஸ்லாட், பிளாக்ஜாக், ரூலெட். வித்தியாசம் நாணயத்தில்.

1. கோல்டு காயின். இதைக் காசு கொடுத்து வாங்கலாம், ஆடலாம். ஜெயித்தாலும் பணமாக மாற்ற முடியாது.

2. ஸ்வீப்ஸ் காயின். இதைத் தனியாக வாங்க முடியாது. கோல்டு காயின் வாங்கினால் கூடவே "இலவசமாக" வரும். குறைந்தது ஒரு முறையாவது ஆட்டத்தில் வைத்த பிறகு, ஒரு காயினுக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் பணமாக எடுக்கலாம்.

10 டாலர் பொதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரையில் பெரிய எழுத்தில் லட்சக்கணக்கில் கோல்டு காயின். அதன் கீழே பளிச்சென்ற பட்டையில் "இலவசம்: 10 ஸ்வீப்ஸ் காயின்". பத்து டாலர் கொடுத்தால் பத்து டாலருக்கு ஈடான நாணயம் இனாம்! விற்கப்படுவது எது, கொசுறு எது என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

காசே கொடுக்காமல் ஸ்வீப்ஸ் காயின் பெறவும் வழி உண்டு. இருந்தாக வேண்டும், அதுதான் சட்டக் கவசம். தினமும் உள்ளே வந்தால் கொஞ்சம் கிடைக்கும். கடிதம் எழுதியும் கேட்கலாம். வெள்ளைத் தாளில், தளம் சொல்லும் வாசகத்தை, கையால்தான் எழுத வேண்டும். உறையில் முகவரியும் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஓர் உறைக்கு ஒரு கோரிக்கை. விதியில் ஒன்று பிசகினாலும் கடிதம் தள்ளுபடி. 2025 ஜூலையில் அந்த உறைக்கான அஞ்சல்தலை 78 சென்ட் ஆனது. கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில் முழுவதும் நீதிமன்றத்தில் சாய்ந்து நிற்பது இந்த அஞ்சல்தலையின் மேல்தான்.

இந்த முறையைப் பெரிய அளவில் நிலைநிறுத்தியது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்த வி.ஜி.டபிள்யூ. நிறுவனம். சம்பா கேசினோ, லக்கிலேண்ட் ஸ்லாட்ஸ், குளோபல் போக்கர் எல்லாம் அவர்களுடையவை.

அடுப்பின் மூன்று கல்

அமெரிக்காவில் சூதாட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. யூட்டாவும் ஹவாயும் லாட்டரியைக்கூட அனுமதிப்பதில்லை. 2025 இறுதிவரை உரிமம் பெற்ற இணைய கேசினோக்கள் நடந்த மாநிலங்கள் ஏழுதான்: நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மிச்சிகன், மேற்கு வர்ஜீனியா, கனெக்டிகட், டெலவேர், ரோட் ஐலண்ட்.

எது சூது என்பதற்கான பழைய அளவுகோலுக்கு மூன்று கற்கள்: ஆடுபவர் கொடுக்கும் விலை, அதிர்ஷ்டம், பரிசு. மூன்றும் இருந்தால்தான் பானை அடுப்பில் உட்காரும். ஒரு கல்லை உருவிவிட்டால் அது சூதல்ல. மெக்டொனால்ட்ஸ் நடத்திய மோனோபோலி பரிசுப் போட்டி உருவியது "விலை" என்ற கல்லை. எதையும் வாங்காமலும் கலந்துகொள்ள வழி இருந்ததால் அது லாட்டரி ஆகவில்லை. ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோக்கள் கடன் வாங்கியிருப்பது இந்தத் தர்க்கத்தைத்தான்.

தமிழ்நாட்டு ரம்மி வழக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு "திறமையா, அதிர்ஷ்டமா" என்பதுதான் பழகிய கேள்வி. இங்கே அது எழவே இல்லை. ஸ்லாட் சுழல்வது அதிர்ஷ்டம் என்பதை யாரும் மறுப்பதில்லை. சண்டை முழுக்க விலை என்ற அந்த ஒரு கல்லைப் பற்றியது.

கடன் வாங்கிய தர்க்கத்தில் ஒரு நெருடல் உண்டு. மெக்டொனால்ட்ஸ் விற்பது பர்கர். போட்டி முடிந்த மறுநாளும் பர்கர் விற்கும். ஸ்வீப்ஸ் காயினை நிறுத்திவிட்டால் கோல்டு காயினை எத்தனை பேர் வாங்குவார்கள்? இதே கேள்வி இணையத்துக்கு முன்பே கடைத்தெருவில் கேட்கப்பட்டது. ஃபுளோரிடா, வட கரோலினா போன்ற இடங்களில் "ஸ்வீப்ஸ்டேக்ஸ் கஃபே" என்ற பெயரில் கடைகள் முளைத்தன. தொலைபேசி அட்டையோ இணைய நேரமோ வாங்கினால், கணினியில் ஸ்லாட் போன்ற ஆட்டம் இனாம். வட கரோலினாவின் தடைச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்றது. ஃபுளோரிடாவில் 2013-இல் அலைட் வெட்டரன்ஸ் என்ற அமைப்பின் கஃபேக்கள் மீது விசாரணை பாய்ந்தது. அந்த அமைப்புக்கு முன்பு ஆலோசகராக இருந்த துணை ஆளுநர் ஜெனிஃபர் கேரல் பதவி விலகினார். அடுத்த மாதமே தடைச் சட்டம் வந்தது. இன்றைய தளங்கள் அந்தக் கஃபேக்களின் நேர் வாரிசு.

வாஷிங்டன் சட்டத்தின் கடைசிச் சொற்றொடர்

வாஷிங்டனின் 1973 சூதாட்டச் சட்டம் சூதாட்டத்தை வரையறுப்பது ஏறக்குறைய இப்படி: அதிர்ஷ்டத்தால் முடிவாகும் போட்டியிலோ, தன் கட்டுப்பாட்டில் இல்லாத எதிர்கால நிகழ்விலோ "மதிப்புள்ள ஒன்றை" பணயம் வைத்து, குறிப்பிட்ட முடிவு வந்தால் "மதிப்புள்ள ஒன்று" கிடைக்கும் என்ற உடன்பாட்டில் ஆடுவது. ஆக, எது மதிப்புள்ளது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குத் தனி விளக்கம், 9.46.0285-ஆம் பிரிவில். முதலில் எல்லாரும் எதிர்பார்க்கும் சங்கதிகள்: பணம், சொத்து, பணமாகவோ சொத்தாகவோ மாற்றத்தக்க டோக்கன், கடன், வாக்குறுதி. கடைசியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரு விளையாட்டைக் கட்டணமில்லாமல் ஆடும் சலுகை.

ஸ்மார்ட்போன் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. காசு போட்டுப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் எந்திரத்தில் ஜெயித்தால் கிடைக்கும் இலவச மறு ஆட்டம் பரிசா, பரிசில்லையா என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஒருகாலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டன. அந்த வாடை இந்தச் சொற்றொடரில் இன்னும் அடிக்கிறது.

இதன் மேல் 2006-இல் இன்னொரு பூட்டு விழுந்தது. சூதாட்டத் தகவலை இணையம் வழியாகத் தெரிந்தே அனுப்புவதும் பெறுவதும் சி வகுப்புப் பெருங்குற்றம் ஆனது. அந்த வகுப்புக்கு உச்சபட்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம். இணையத்தில் போக்கர் ஆட விரும்பிய லீ ரூஸோ என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை இந்தத் தடை பாதிக்கிறது என்பது அவருடைய வாதம். 2010-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தடை நிலைத்தது.

885 மில்லியனுக்கு வாங்கிய தலைவலி

கடைசிச் சொற்றொடர் எவ்வளவு கூர்மையானது என்று உலகத்துக்குக் காட்டியது "கேட்டர் எதிர் சர்ச்சில் டவுன்ஸ்" வழக்கு. சர்ச்சில் டவுன்ஸ் என்றால் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை நடத்தும் நிறுவனம். அது 2014-இல் சியாட்டிலின் பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனத்தை 88.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதோடு வந்ததுதான் பிக் ஃபிஷ் கேசினோ ஆப்.

அந்த ஆப்பில் ஸ்வீப்ஸ் காயின் கிடையாது. பணப் பரிசே கிடையாது. முதலில் கொஞ்சம் இலவச சிப் தருவார்கள். அது தீர்ந்தால், மறுபடி இலவசம் வரும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் 1.99 டாலரிலிருந்து ஏறக்குறைய 250 டாலர் வரையான பொதியை வாங்கலாம். ஜெயித்தால் கிடைப்பதும் சிப்தான். சட்டென்று பார்த்தால் குழந்தை விளையாட்டு. மாநிலச் சூதாட்ட ஆணையமே இத்தகைய சமூக விளையாட்டுகள் பற்றிய ஒரு துண்டறிக்கையில் அனுகூலமான தொனியில்தான் எழுதியிருந்தது.

ஒன்பதாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 மார்ச்சில் வேறு மாதிரி பார்த்தது. சிப் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. ஜெயித்த சிப், மறுபடி காசு கொடுக்காமல் ஆடும் சலுகையைத் தருகிறது. சட்டம் சொல்லும் "கட்டணமில்லாமல் ஆடும் சலுகை" இதுதான். எனவே சிப் மதிப்புள்ளது. எனவே இது சட்டவிரோதச் சூதாட்டம். ஆணையத்தின் துண்டறிக்கையை முறையான சட்ட நிலைப்பாடாக ஏற்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. கள்ளச் சந்தையில் சிப்பை விற்றுப் பணமாக்கலாம், அதனாலும் அது மதிப்புள்ளது என்று வாதி தரப்பு சொன்னதை மட்டும் நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆப்பின் விதியே அந்த விற்பனையைத் தடை செய்திருந்தது. ஆக, தீர்ப்பு முழுக்க அந்த ஒரே சொற்றொடரின் பலத்தில் நிற்கிறது.

தோற்றவர்களுக்கு இன்னொரு ஆயுதமும் இருந்தது. சட்டவிரோதச் சூதில் இழந்ததை நடத்தியவரிடமிருந்தே திரும்பக் கேட்கும் உரிமையை வாஷிங்டனின் பழைய பிரிவு ஒன்று, 4.24.070, தருகிறது. கேட்டர் வழக்குக்குப் பிறகு அந்தக் கதவு வழியாகப் பணம் கொட்டியது. பிக் ஃபிஷ் சமரசம் 2020-இல் 15.5 கோடி டாலர்: சர்ச்சில் டவுன்ஸ் 12.4 கோடி, அதனிடமிருந்து 2018-இல் பிக் ஃபிஷை வாங்கிய ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோக்ராட் 3.1 கோடி. டபுள்டவுன் கேசினோ வழக்கு 2022-இல் 41.5 கோடி டாலரில் முடிந்தது. ஹை 5 கேம்ஸ் சமரசத்துக்கு வராமல் கடைசிவரை போய், 2025 பிப்ரவரியில் ஜூரியிடம் ஏறக்குறைய 2.5 கோடி டாலர் வாங்கிக் கட்டிக்கொண்டது.

வழக்குகளைத் தனியார் நடுவரிடம் தள்ளிவிடும் விதிமுறைக் கண்ணியும் எப்போதும் பலிக்கவில்லை. ஹூஜ் கேசினோ ஆப்பில் விதிமுறையைப் பார்க்க வேண்டுமானால் ஆப் ஸ்டோர் பக்கத்தில் கீழே கீழே தள்ளிப் போக வேண்டும், அல்லது ஆட்டத்துக்கு நடுவே அமைப்புப் பட்டியலைத் திறந்து தேட வேண்டும். பார்க்காத விதிக்கு ஒருவர் சம்மதித்ததாகச் சொல்ல முடியாது என்று 2019 டிசம்பரில் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டு நாணயத்தையும் தராசில் வைத்தால்

கேட்டர் தீர்ப்பு ஸ்வீப்ஸ் காயினைப் பற்றியதே அல்ல. தவிர, அது மாநிலச் சட்டத்துக்கு ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தந்த பொருள். இருந்தும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளங்கள் வாஷிங்டனை விட்டு ஒதுங்கி நிற்பதன் காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மற்ற மாநிலங்களில் இவர்களின் பாதுகாப்பு இரட்டைக் கதவு. கோல்டு காயினைக் கேட்டால் "அதைப் பணமாக்க முடியாது, பரிசு இல்லை" என்பார்கள். ஸ்வீப்ஸ் காயினைக் கேட்டால் "அதை யாரும் வாங்கவில்லை, விலை இல்லை" என்பார்கள். ஒவ்வொரு நாணயத்திலும் ஒவ்வொரு கல் குறைகிறது.

2. வாஷிங்டனில் முதல் கதவு கேட்டர் தீர்ப்போடு மூடிவிட்டது. கோல்டு காயின் பிக் ஃபிஷ் சிப்பின் உடன்பிறப்பு. பணமாகாவிட்டாலும், மறுபடி ஆட விடுகிறது, அதுவே போதும். கொசுறான ஸ்வீப்ஸ் காயினைத் தூக்கி எறிந்துவிட்டாலும் மிஞ்சும் வியாபாரமே சட்டத்தில் சிக்குகிறது.

3. ஸ்வீப்ஸ் காயின் ஒரு டாலருக்கு மாறுவது. "பணமாக மாற்றத்தக்க டோக்கன்" என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

4. மிச்சமிருப்பது "இனாம்தானே" என்ற வாதம். வாங்கச் சொல்லாத விளம்பரப் பரிசுப் போட்டிகளை வாஷிங்டன் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் சூதாட்ட வரையறை கேட்பது "காசு கொடுத்தாயா" என்று அல்ல. "மதிப்புள்ளதைப் பணயம் வைத்தாயா" என்று. நாணயம் கைக்கு எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, வந்த பிறகு அதை என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி. கடிதம் எழுதி வாங்கிய காயினும் ஸ்லாட்டில் வைக்கப்படும் அந்த நொடியில் ஒரு டாலர் மதிப்புள்ளதுதான்.

5. இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2005-இல் புல்ஸ்ஐ என்ற நிறுவனத்தின் எந்திரம் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஸ்லாட்டைப் போலவே இயங்கும் எந்திரம். ஆடத் தேவையான புள்ளிகளைக் காசுக்கும் வாங்கலாம், விளம்பரக் கூப்பன் கொடுத்தும் பெறலாம், ஆடி ஜெயித்தும் சேர்க்கலாம். புள்ளிகள் மதிப்புள்ளவை, எந்திரம் சூதாட்டக் கருவி என்றே தீர்ப்பானது. இலவசக் கூப்பன் காப்பாற்றவில்லை. கேட்டர் தீர்ப்பு சாய்ந்துகொண்டதும் இந்த வழக்கின் மேல்தான்.

எனவே "பணம் கட்டாமல் ஆடலாம், ஆகவே சட்டப்படி சரி" என்ற விளம்பர வாதம் அந்த மாநில எல்லையில் உதிர்ந்துவிடுகிறது. ஃபேன்டசி விளையாட்டுத் தளங்களும் வாஷிங்டனில் இயங்குவதில்லை. விளையாட்டுப் பந்தயம் 2020-இல் அனுமதிக்கப்பட்டபோதும் பழங்குடி கேசினோ வளாகங்களுக்குள் மட்டுமே; போனில் கட்டினாலும் ஆள் வளாகத்துக்குள் நிற்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்கு ஒழுக்கம் மட்டும் காரணம் என்று நினைத்தால் அது பாதிக் கதை. பழங்குடி அரசுகளின் பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாவற்றுக்கும் கேசினோ வருமானம் ஆதாரம். அதில் பங்கு போடவரும் எதையும் அவர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை.

மற்றவர்கள் வேறு வழியில்

வாஷிங்டனிடம் இருக்கும் சொற்றொடர் எல்லா மாநிலச் சட்டத்திலும் இல்லை. அதனால் மற்றவர்கள் புதுச் சட்டம் எழுதுகிறார்கள். 2025 மே மாதம் மொன்டானா முதலில் கையெழுத்திட்டது. கனெக்டிகட், நியூ ஜெர்சி, நியூயார்க் அதே ஆண்டில் தொடர்ந்தன. கலிஃபோர்னியாவின் ஏ.பி. 831 சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அமலில். அதற்காகவும் முன்னின்று வற்புறுத்தியது பழங்குடி அரசுகள்தான். லூசியானா மட்டும் விநோதம்: தடை மசோதாவை ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி ரத்து செய்தார், ஏற்கெனவே இருக்கும் சட்டமே போதும் என்ற காரணம் சொல்லி.

இரட்டை நாணய முறையையே பெயர் சொல்லித் தடுக்கும் இந்தப் பாணியில் தள நடத்துநர்களுக்குத் தப்ப இடம் குறைவு. ஆனால் புதிய நாணய ஏற்பாடு ஒன்று வந்தால் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். வாஷிங்டனின் பழைய, பொத்தாம்பொதுவான சொற்றொடருக்கு அந்தக் கவலை இல்லை. எதிர்ப் பக்கமும் உண்டு: அவ்வளவு அகலமான வலையில் பணப் பரிசே இல்லாத பொழுதுபோக்கு ஆப்களும் மாட்டுகின்றன. அவற்றுக்கு விலக்குத் தர மாநிலப் பேரவையில் நடந்த முயற்சிகள் நிறைவேறவில்லை.

சியாட்டிலில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு

1. தளம் திறக்கிறது என்பதால் அனுமதி என்று பொருளல்ல. இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டோ, பக்கத்து மாநில முகவரி கொடுத்தோ உள்ளே போகிறவருக்குச் சிக்கல் வருவது பணம் எடுக்கும்போது. ஓட்டுநர் உரிமம், முகவரிச் சான்று, செல்ஃபி எல்லாம் கேட்பார்கள். உரிமத்தில் வாஷிங்டன் என்று இருந்தால் விதிமுறைப்படி கணக்கு முடக்கம், வென்றது ரத்து. வாங்கும்போது கடன் அட்டை எண் போதுமாக இருந்தது என்பது வேறு கதை.

2. வென்றதைக் கேட்டு நீதிமன்றம் போவது வீண். சட்டவிரோதச் சூதில் ஜெயித்த கடனை வசூலித்துத் தர நீதிமன்றங்கள் முன்வருவதில்லை. இழந்ததைத் திரும்பக் கேட்கத்தான் 4.24.070 இருக்கிறது. தோற்றவருக்கு உரிமை, ஜெயித்தவருக்கு இல்லை!

3. 2006 திருத்தம் நடத்துபவர், ஆடுபவர் என்று சொல்லால் பிரித்து விலக்கு எதுவும் தரவில்லை. ரூஸோ நீதிமன்றம் போனதே ஆட விரும்பியவர் என்ற முறையில்தான்.

4. கிரீன் கார்டு வைத்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது தனி. குடியுரிமைக்குத் தேவையான "நல்லொழுக்கம்" சட்டவிரோதச் சூதாட்டத்தால் தானாகவே அடிபடுவது இரண்டு நிலைகளில்: முதன்மை வருமானமே அதிலிருந்து வந்தால், அல்லது சூதாட்டக் குற்றங்களில் இரண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால். வார இறுதியில் ஆப்பைத் திறந்தவர் இதில் சேரமாட்டார். ஆனால் என்-400 விண்ணப்பத்தில், எப்போதாவது சட்டவிரோதமாகச் சூதாடியதுண்டா, அதில் வருமானம் பெற்றதுண்டா என்று நேராகவே ஒரு கேள்வி இருக்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எவ்வளவு தொகை என்று அந்தக் கேள்வி கேட்பதில்லை.